மிஷின் எழுந்திருக்கும் நேரம்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கருப்பட்டிக் கடை நடத்திய சுசீந்திரத்துக்காரர் ஒருவரின் மகன் தாணுமாலையன். அவனுக்குக் கம்ப்யூட்டர் நிலையத்தில் வேலை கிடைத்தபோது, தெருவில் பாதிப் பேர் அதைக் கூட்டல் போடும் மிஷின் என்று நினைத்தார்கள். மீதிப் பேர் ஜாதகம் கணிக்கும் மிஷின் என்று நினைத்தார்கள். எதிர்க்கடை அரிசி மண்டிக்காரர், மகளுக்கு வந்த வரனின் ஜாதகத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டே வந்துவிட்டார்.

"மிஷினு சம்பள பில்லு போடுகதுக்கே மூச்சு வாங்குது மாமா. கல்யாணமெல்லாம் அதுக்குத் தாங்காது" என்று சொல்லித் தாணுமாலையன் அவரைத் திருப்பி அனுப்பினான்.

இது எழுபதுகளின் பிற்பாதி. திருவனந்தபுரத்தில் அப்போது கம்ப்யூட்டரைக் கண்ணால் கண்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தாணுமாலையன் தினமும் கண்டான். அதோடு, தினமும் அதைத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிற பொறுப்பும் அவனுடையது. பாலிடெக்னிக்கில் மலையாளத்தில் கணக்குப் போட்டுப் படித்து, வீட்டில் தமிழில் கோபப்பட்டு வளர்ந்த பிள்ளை. வேலையில் சேர்ந்தபோது மீசை சரியாக அடர்ந்திருக்கவில்லை. ஆள் ஒல்லி. சும்மா உட்காரச் சொன்னால் மட்டும் உடம்புக்கு ஆகாது.

சர்க்கார் நிலையம் அது. ராத்திரி ஆளில்லாத நேரத்தில் மிஷின் ஓடக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. அதனால் சாயங்காலம் அணைத்துவிட்டுப் போவார்கள். காலையில் அது எழுந்திருப்பதற்குள் ஒரு கல்யாணத்துக்குப் பந்தல் போட்டுவிடலாம். முதலில் ஏ.சி. ஓட வேண்டும், ஊரின் ஈரக்காற்று கூடத்தை விட்டுப் போகும் வரை வேறொன்றையும் தொடக் கூடாது. பிறகு டிஸ்க். இடுப்புயரப் பெட்டிக்குள் தட்டுகள் சுழலும். அது ஓடத் தொடங்கியதும் அரைமணி நேரம் சும்மா இருக்க வேண்டும். அதற்கப்புறம் முன்பலகையில் வரிசையாக இருக்கும் சின்னச் சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டி, முதல் சில கட்டளைகளைக் கையாலேயே ஊட்ட வேண்டும். ஏனென்றால் அது முழிக்கும்போது அதற்கு ஒன்றுமே ஞாபகம் இருக்காது. அந்தக் கட்டளைகளை வைத்துக்கொண்டு அது ஓட்டை போட்ட காகித நாடா ஒன்றைப் படிக்கும். படித்ததும் தன் மூளையைத் தானே சோதிக்கும். சோதித்ததும் தன்னோடு சேர்ந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கும். எல்லாம் முடிந்து கடைசியில், டக்கடக்கென்று தட்டச்சு அடித்து, இன்றைக்கு என்ன தேதி என்று கேட்கும். அப்படிக் கேட்டால் முழித்துவிட்டது என்று அர்த்தம்.

எட்டு மணிக்கு அது தேதி கேட்டாக வேண்டும். அப்படியானால் தாணுமாலையன் அஞ்சு மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். வேலை நேரம் எட்டிலிருந்து அஞ்சு வரை. மிஷின் எழுந்திருக்கிற நேரம் வேலையில் சேராது என்று ஆபீசில் எங்கும் எழுதிவைக்காத ஒரு சட்டம் இருந்தது. எழுதிவைக்காததால் அதை எதிர்த்து மனுப் போடவும் வழியில்லை.

கல்யாணம் ஆகும்வரை அவனுக்கு இது ஒரு பொருட்டாகவே இல்லை.

பூமாரி சங்கரன்கோயில் பக்கத்துப் பெண். நர்ஸ் படிப்புப் படித்தவள். நர்ஸ் வேலைக்காரி வேண்டாம், ராத்திரி பகல் தெரியாத பிழைப்பு என்று தாணுமாலையனின் அத்தை ஒற்றைக் காலில் நின்றாள். அவனோ பெண் பார்க்கப் போன இடத்தில், காப்பியில் சர்க்கரை போட மறந்துவிட்டதைத் தானே கண்டுபிடித்துச் சிரித்த முகத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். அத்தை கடைசியில் காலை மாற்றிக்கொண்டாள். கல்யாணம் ஆனதும் பூமாரிக்கு நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இரவு டியூட்டிதான் காலி என்றார்கள்.

அத்தை சாபம் எதுவும் விடவில்லை. ஆனாலும் கணக்கு அப்படித்தான் வந்து விழுந்தது. அவன் அஞ்சு மணிக்குக் கிளம்புவான். அவள் ஆறரைக்கு வருவாள். அவன் சாயங்காலம் ஆறுக்கு மேல் வீடு சேரும்போது அவள் தலை பின்னிக்கொண்டிருப்பாள், ஏழுக்கு பஸ். அவனுக்கு ஞாயிறு லீவு. அவளுக்கு செவ்வாய். ஞாயிறன்று ஆள் போதாதென்று ஆஸ்பத்திரியில் அவளைப் பகலுக்கும் நிறுத்திக்கொள்வார்கள். அவள் வடித்துவைத்த சோற்றை அவன் தின்றான். அவன் இறக்கிவைத்த டிகாக்‌ஷனில் அவள் காப்பி கலந்தாள். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்த இரண்டு அறை வீட்டில், ஒரு தலையணையையே முறைபோட்டு இரண்டு பேர் உபயோகித்தார்கள். பக்கத்து வீட்டுப் பகவதியம்மாள் ஒருநாள் அவனை நிறுத்தி, "வீட்டுக்காரி ஊருக்குப் போயிருக்காளோ, காணவே இல்லியே" என்று அன்பாகத்தான் விசாரித்தாள். அவனுக்குச் சுருக்கென்றது.

அன்று சாயங்காலம் பூமாரி கண்ணாடியைப் பார்த்துப் பின்னலை முடிந்துகொண்டே சொன்னாள்: "உங்க மொகத்தக் காலம்பற வெளிச்சத்துல பாத்ததே இல்ல தெரியுமா. லைட்டு வெளிச்சத்துல பாத்தே பழகிப்போச்சு. தெருவுல எதிர்ல வந்தா அடையாளம் தெரியுமோ என்னமோ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவனால் சிரிக்க முடியவில்லை. மனைவியோடு உட்கார்ந்து ஒரு காலைக் காப்பி குடிக்க வேண்டும். வாழ்க்கையில் அவனுக்கு வேண்டியது அப்போது அவ்வளவுதான். அதற்குக் குறுக்கே நின்றது அந்த மிஷின்.

மறுநாளிலிருந்து அவன் மிஷினை வேறு கண்ணால் பார்த்தான். அதுவரை அது வேலை செய்கிறது, அதனால் நேரம் ஆகிறது என்றே எண்ணியிருந்தான். ஒரு வாரம் பக்கத்திலேயே உட்கார்ந்து, இப்போது இது என்ன செய்கிறது, இப்போது எதற்காக நிற்கிறது என்று ஒவ்வொரு கட்டமாகக் கவனித்தபோதுதான் உண்மை தெரிந்தது. அது வேலை செய்வது கொஞ்ச நேரம். பெரும்பாலும் காத்திருக்கிறது. ஒன்றுக்காக ஒன்று, அதற்காக இன்னொன்று. எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து அவன் காத்திருக்கிறான்.

முதலில் ஏ.சி.யைக் கையில் எடுத்தான். அதன் சுவிட்ச் கூடத்துக்கு வெளியே வராந்தாச் சுவரில் இருந்தது. வாட்ச்மேன் தாசையன் நாலு மணிக்கே எழுந்து குழாயடியில் குளித்துவிட்டு ஜபம் சொல்கிற மனிதர். போகிற வழியில் அதைத் தட்டிவிட்டால் போதும்.

"கரண்டு காரியம் சாரே. எனக்கு வேண்டாம்" என்றார் தாசையன்.

"உம்ம தலைக்கு மேல எரியுத பல்பும் கரண்டுதான் வேய். அத யாரு போடுகா?"

தாசையன் பல்பை அண்ணாந்து பார்த்தார். அடுத்த நாள் தாணுமாலையன் போனபோது கூடம் சில்லென்று இருந்தது. அவன் அரைமணி தாமதமாகக் கிளம்ப ஆரம்பித்தான். ஆனால் பூமாரி வருவதற்கு இன்னும் வெகு நேரம் இருந்தது.

அடுத்தது, பெட்டிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் கட்டம். அங்கே மிஷின் ஒரு இடத்தில் வந்ததும் திகைத்து நிற்கும். பிறகு மறுபடி கூப்பிடும். மறுபடி நிற்கும். ஒரு மணி நேரம் இப்படிப் போனபிறகு சலித்துப்போய், தயாரில்லை என்று அச்சடித்துவிட்டு மேலே போகும். எல்லா ஆபரேட்டர்களும் அந்த வரியைத் தினமும் பார்த்தார்கள். மிஷின் சொல்லும் குட்மார்னிங் என்றே நினைத்துக்கொண்டார்கள். தாணுமாலையன் நாடாவை விரித்துவைத்து ஓட்டைகளை எண்ணிப் படித்தான். கூடத்தில் ஒரு காலத்தில் இரண்டு டேப் பெட்டிகள் இருந்தன. இரண்டாவது பழுதாகி எங்கோ போய், திரும்பி வரவே இல்லை. டி.சி. வாங்கிக்கொண்டு போன பையனின் பெயரை வாத்தியார் தினமும் கூப்பிட்டு, உள்ளேன் ஐயா என்று பதில் வரும் வரை வகுப்பை நிறுத்திவைத்த மாதிரிதான் இதுவும். அந்த ஒரு பெயரை விட்டுவிட்டு நாடாவைப் புதிதாக ஓட்டை போட்டு எடுத்தான். மறுநாள் காலையில் போட்டுப் பார்த்தான். மிஷின் நிற்காமல் தாண்டிப் போனது. இப்போது பூமாரி வருகிற ஆறரைக்குத்தான் அவன் கிளம்ப வேண்டியிருந்தது.

இனி மிச்சம் டிஸ்க்குக்கான அரைமணி. அதைத் தொட அவனுக்குப் பயம். டிஸ்க் சூடு பிடிக்கணும், அவசரப்பட்டால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும் என்று, அவன் சேர்ந்தபோது மூத்த ஆபரேட்டராக இருந்த ஆறுமுகநயினார் ஆணையிட்ட மாதிரிச் சொல்லியிருந்தார். அந்த அரைமணியில் அவர் விபூதி பூசிக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். அதனால் அவருக்கு அது ஒரு பாரமாகவே இருந்ததில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பெனியிலிருந்து ஒரு இளம் என்ஜினீயர் வந்து எல்லாவற்றையும் துடைத்துப் பார்த்துவிட்டுப் போவான். அந்தத் தடவை அவன் வேலை முடிந்து டிஸ்க்கை ஓடவிட்டான். தட்டுகள் வேகம் பிடித்ததும் சுவிட்சுகளைத் தட்ட ஆரம்பித்துவிட்டான். தாணுமாலையன் அவன் கையைப் பிடிக்காத குறை.

சூடு பிடிக்க வேண்டாமா என்று கேட்டான். வெளியிலிருந்து கொண்டுவந்த டிஸ்க்கானால் கூடத்துக் குளிருக்குப் பழகக் காத்திருக்க வேண்டும், ராத்திரி முழுக்க இங்கேயே கிடந்ததற்கு என்ன பழக்கம் வேண்டியிருக்கிறது என்று என்ஜினீயர் இங்கிலீஷில் திருப்பிக் கேட்டான். அரைமணி என்று உங்களுக்கு யார் சொன்னது என்றும் கேட்டான்.

அதைத்தான் தாணுமாலையன் ஞாயிற்றுக்கிழமை சாலைக் கடைத்தெருவுக்குப் போய் ஆறுமுகநயினாரிடம் கேட்டான். அவர் ரிட்டயராகி, மைத்துனரின் இரும்புக்கடையில் ஆணிப் பெட்டிகளுக்கு நடுவில் விசிறியோடு உட்கார்ந்திருந்தார்.

"அரமணின்னு ஒமக்கு யாரு சொன்னா அண்ணாச்சி?"

"யாரும் சொல்லல்லடே. கண்ணால கண்டது. மொத மொதல்ல மிஷின ஓட்டுன அன்னைக்கு நான் பக்கத்துலதான நிக்கேன். பெரிய என்ஜினீயரு பம்பாய்லேருந்து வந்திருந்தாரு. டிஸ்க்க ஓட விட்டாரு. ஓடிச்சு. சுவிட்சுல கை வைக்கப் போனவரு, கைய எடுத்துட்டுத் தள்ளி நின்னுட்டாரு. நாங்களும் நின்னோம். ஒரு அரமணி ஆச்சு. செவத்துல மணி ஒம்பது அடிச்சுது. டக்குன்னு வந்து சுவிட்சத் தட்டுனாரு. மிஷின் ஓடிச்சு. அத அப்படியே மனசுல வாங்கிட்டேன்."

"சரியா ஒம்பதுக்கா?"

"சரியா ஒம்பது."

"அன்னைக்கு என்ன கெழம?"

"திங்கக்கெழம. ஞாயித்துக்கெழம ஊருல ஒரு வீட்டுல பால்காய்ச்சு, போக முடியாம…" பேசிக்கொண்டே வந்த ஆறுமுகநயினார் பாதியில் நிறுத்தினார். விசிறியும் நின்றது.

திங்கட்கிழமை. ஏழரை முதல் ஒன்பது. சாலையில் எந்தக் கடைக்காரரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தாணுமாலையனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உட்கார்ந்திருந்த ஆணிப்பெட்டி ஆடியது. அத்தனை வருஷம், செவ்வாய் புதன் பார்க்காமல், பொழுது விடியும் முன்னால், இல்லாத ஒரு ராகுகாலத்தை அந்தக் கூடத்தில் தினம் தவறாமல் கழித்திருக்கிறார்கள்.

"சிரிக்காதடே" என்றார் ஆறுமுகநயினார். அவருக்கும் உதடு துடித்தது. "ஒரு நாளாவது டிஸ்க்கு கெட்டுதா சொல்லு."

அந்தத் திங்கட்கிழமை விடிந்ததும் தாணுமாலையன் அரைமணியைத் தூக்கி எறிந்தான். டிஸ்க் வேகம் பிடித்த கையோடு சுவிட்சுகளைத் தட்டினான். ஒன்றும் ஆகவில்லை. மிஷின் தேதி கேட்டபோது மணி ஏழரைகூட ஆகவில்லை. இனி ஏழு மணிக்குக் கிளம்பினால் போதும் என்று கணக்கு வந்தது.

மறுநாள் காலைதான் அந்த முதல் காப்பி. பூமாரி கதவைத் தட்டினால் திறக்க ஆள் இருந்தது அவளுக்கே அதிசயமாகிவிட்டது. உடம்புக்கு என்ன என்று பதறி நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். அவன் பின்வாசல் படியில் அவளை உட்காரவைத்து டம்ளரைக் கையில் கொடுத்தான். முருங்கைமரத்துக்கு மேல் வெயில் வந்துகொண்டிருந்தது. அவள் அவன் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "காதுக்குப் பக்கத்துல ஒரு மச்சம் இருக்குது ஒங்களுக்கு" என்றாள்.

அந்த மாதங்களைப் பற்றி பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சந்தோஷமாக இருந்தார்கள். ராத்திரி வார்டில் யாருக்குக் குழந்தை பிறந்தது, எந்தக் கிழவர் ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார் என்று அவள் சொல்லுவாள். அவளுக்குச் சூடு குறைந்த காப்பிதான் பிடிக்கும், இட்லியைவிடப் பழையசோறு பிடிக்கும் என்பதெல்லாம் கல்யாணமாகி ஒன்றரை வருஷம் கழித்து அவனுக்குத் தெரியவந்தது. கொஞ்சம் சண்டை போடக்கூட நேரம் கிடைத்தது.

ஆபீசில் அவன் மூச்சுவிடவில்லை. தாசையன்தான் எச்சரித்திருந்தார்: "சாரே, மேடத்துக்குத் தெரிஞ்சா முடிஞ்சுது காரியம். வெரசா எந்திரிக்குதில்ல, அப்ப ஆறு மணிக்கே வேல தொடங்குன்னு சொல்லும்." அது நடக்கக்கூடிய விஷயம். எல்லாத் துறைக்காரர்களும் மிஷினில் நேரம் கேட்டு வராந்தாவில் வரிசை நின்றார்கள். மலையாளம் கலந்து தமிழ் பேசும் நிலைய மேலதிகாரி சுசீலாபாய் யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாமல் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். எட்டு மணிக்கு மிஷின் தயாராக இருக்கிறது. எத்தனை மணிக்கு முழித்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்வானேன் என்று அவனும் இருந்துவிட்டான்.

வைகாசிப் பாதியில் வருகிற இடவப்பாதி மழை தொடங்கிய வாரத்தில் ஒரு பெரிய பரீட்சையின் ரிசல்ட் மிஷினில் ஓடிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் அச்சாபீசுக்குப் பட்டியல் போக வேண்டும். மறுநாள் காலைப் பத்திரிகையில் நம்பர் வர வேண்டும். மத்தியானம் ஒரு இடி இடித்தது. ஊரே இருண்டது. மிஷின் அப்படியே செத்தது. முடிந்த வேலை டேப்பில் பத்திரமாக இருந்தது, முடியாதது பாதியில் நின்றது. கரண்டு திரும்பியபோது நாலு மணி ஆகியிருந்தது.

சுசீலாபாய் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றார். "இனி இது எழுந்நேற்று வரும்போ ஏழு மணி. அச்சாபீஸ்காரர் அதுவரைக்கும் நிக்க மாட்டார். நாளைக்கு மாத்தி வைக்கச் சொல்லி போன் பண்றேன். வேற வழி இல்ல தாணு."

தாணுமாலையனுக்கு வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பழைய முறையில் நிதானமாக எழுப்பினால் யாரும் ஒரு குற்றம் சொல்ல மாட்டார்கள். ஒரு நாள் தள்ளிப்போவதால் யார் குடியும் முழுகிவிடாது. நாளைக் காலைக் காப்பி நாளைக் காலை இருக்கும். அதற்கடுத்த நாளும் இருக்கும்.

ஜன்னல் பக்கம் போய் நின்றான். கேட்டுக்கு வெளியே மழையில் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். இங்கிருந்துதான் ரிசல்ட் வருகிறது என்று எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டிருந்தார்கள். ஒரு குடைக்குள் நாலு பேர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண். அவர்கள் பார்வையெல்லாம் இந்தக் கட்டடத்தின் மேல்தான். காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதிலும் ஒரு அவசியமும் இல்லாமல் காத்திருப்பது. தன் மேலேயே அவனுக்குக் கோபம் வந்தது.

"போன் பண்ண வேண்டாம் மேடம்" என்றான்.

கூடத்தை அடைத்தே வைத்திருந்ததால் குளிர் முழுதும் போயிருக்கவில்லை. டிஸ்க்கை ஓடவிட்டான். அது வேகம் பிடித்ததும் சுவிட்சுகளைத் தட்டினான். சுசீலாபாய், "தாணு, அரமணிக்கூர்…" என்று கையை நீட்டினார். அவன் திரும்பவில்லை. நாடா ஓடியது. மிஷின் தன் பெட்டிகளைக் கூப்பிட்டது, எங்கும் திகைத்து நிற்கவில்லை. தட்டச்சு டக்கடக்கென்று தேதி கேட்டபோது, சுசீலாபாய்க்கு வந்த டீயில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

ஏழு மணிக்கு முன்னால் பட்டியல் அச்சாபீசுக்குப் போய்விட்டது. கூடம் காலியானபின் சுசீலாபாய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது எப்போ தொட்டு?"

"மாசி மாசத்துலேருந்து மேடம்."

"அப்போ நீ காலையில அஞ்சு மணிக்கு வர்றதில்ல."

"இல்ல மேடம்."

ஒளித்துப் பயனில்லை என்று எல்லாவற்றையும் சொன்னான். ஏ.சி., காணாமல் போன டேப் பெட்டி, திங்கட்கிழமை, ஒன்பது மணி, எல்லாவற்றையும். பூமாரியைப் பற்றியும் சொன்னான். ராகுகாலம் என்ற இடத்தில் சுசீலாபாய் தலையைக் குனிந்துகொண்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தான். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார், தோள் குலுங்கியது.

"நான்தன்னே அன்னிக்கு என்ஜினீயரைத் தடுத்தது" என்றார் கடைசியில். "இத்தனை வலிய மிஷின். ராகுகாலத்துல தொடங்கி ஏதாவது ஆயிப்போனா மேலே யாரு சமாதானம் சொல்றது? ஒன்பது வரைக்கும் நில்லுங்கோன்னு சொன்னேன். ஒரு நாளைக்குத்தான் சொன்னது." கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு முகம் மாறியது. "சரி, நாளைக்கு வந்து என்னைப் பாரு."

மறுநாள் காலைக் காப்பியில் ருசியே இல்லை. அவன் நடந்ததைச் சொன்னான். இனி இது கிடையாது என்றான். பூமாரி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எனக்கு அழுகதான் வருது" என்றாள். "ஆனா செஞ்சது சரிதான். அந்தப் புள்ளைங்களப் பாத்துட்டு நீங்க சும்மா இருந்திருந்தா, அத என்கிட்ட வந்து சொல்லிருக்கவே மாட்டீங்க."

சுசீலாபாய் அவனை நிற்கவைத்தே பேசினார். வருஷக்கணக்காக இரண்டு ஷிப்டு வேண்டும் என்று எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தாராம். முதல் ஷிப்டில் பாதி, மிஷின் முழிப்பதிலேயே போய்விடும் என்று மேலே தள்ளிவிட்டார்களாம். இப்போது அந்தச் சாக்கு இல்லை. "ஒண்ணாந்தேதி முதல் ஆறு மணிக்கு ஷிப்ட். மிஷின் எழுப்புற நேரமும் இனி டியூட்டி. அந்த ஷிப்ட் உனக்குத்தான். உன்னைவிட வெரசா யாரும் எழுப்ப மாட்டாங்க."

ஆறு மணி என்று காதில் விழுந்ததோடு சரி. அதற்குமேல் அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுபடியும் அதே அஞ்சு மணி, அதே இருட்டு, அதே தலையணை.

"கேட்டியா தாணு? ரெண்டு மணிக்கு அடுத்த ஆள் வரும்."

"சரி மேடம்."

"ரெண்டு மணிக்கு உனக்கு வீட்டுக்குப் போகலாம்."

அவன் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தான். "சாயங்காலம் அஞ்சு இல்லியா?"

"ரெண்டு" என்றார் சுசீலாபாய், ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே. "உன் பாரியாளுக்கு ஏழுமணிக்குத்தானே பஸ்?"

ஒண்ணாந்தேதி வெயிலும் மழையுமாக இருந்தது. தாணுமாலையன் மத்தியானத்தில் வீட்டுக்கு நடந்து பழக்கமில்லாததால், சாலையில் எதிர்ப்பட்டவர்களெல்லாம் யாருக்கு என்ன ஆச்சு என்று விசாரித்தார்கள். ஒன்றும் ஆகவில்லை என்று ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி வீடு வந்து சேர்ந்தான். சத்தமில்லாமல் கதவைத் திறந்தான். பூமாரி ஜன்னலுக்கு எதிரே கையைத் தலைக்கடியில் மடித்துவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தூங்குவதை அவன் பகலில் பார்த்ததில்லை. சட்டையை மாற்றாமல் பக்கத்தில் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

அவள் உடனே எழுந்திருக்கிற ரகம் இல்லை. முதலில் புருவம் அசைந்தது. புரண்டு படுத்தாள். வெகு நேரம் கழித்து ஒரு கண்ணை மட்டும் திறந்து, அவனைப் பார்த்து, கனவு என்று நினைத்து மூடிக்கொண்டாள். அப்புறம் கையை நீட்டி அவன் முட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.

"எப்ப வந்தீங்க? எழுப்பியிருக்கலாம்ல?"

"அவசரமில்ல" என்றான் தாணுமாலையன். "மெள்ள எந்திரி."